ஒரு குழந்தைக்கு ஒரு துணையாளர்: பார்வையும் செவித்திறனும் குறைந்த எங்கள் மகனுக்குக் கிடைத்த கல்விச் சேவை

பார்வையும் செவித்திறனும் ஒருங்கே குறைந்த குழந்தைகளுக்காக, ஒரு குழந்தைக்கு ஒரு பயிற்சி பெற்ற துணையாளர் என்ற முறையில் வழங்கப்படும் கல்விச் சேவை ஒன்றை எங்கள் மகனுக்காகச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். இத்தகைய சேவையை அமர்த்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் பாராட்டுவனவும் குறை கூறுவனவும் இவ்வகைச் சேவை எங்கு நடந்தாலும் எழக்கூடியவை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: துணையாளரின் வேலை மிக உயர்ந்த தரத்தில் இருக்கிறது, ஆனால் அந்த வேலை எதனால் பலன் தருகிறது என்பதை அவரை அனுப்பும் நிர்வாகம் இன்னும் முழுதாக உணரவில்லை.

இதை டியூஷன் என்று எண்ணி யாரும் அணுக வேண்டாம். இன்டர்வீனர் என்று துறையினர் அழைக்கும் இந்தத் துணையாளர் முறை கனடாவில் உருப்பெற்றுப் பிற நாடுகளுக்குப் பரவியது. குழந்தைக்காகச் செய்யாதே, குழந்தையோடு சேர்ந்து செய் என்பதே அங்கு இதற்கு வகுத்த அடிப்படை விதி. துணையாளருக்குரிய பொறுப்புகள் மூன்று: சுற்றி நடப்பவை குழந்தையைச் சென்றடையும்படி செய்வது, குழந்தை சொல்ல வருவதை வாங்கிக்கொண்டு பதில் தருவது, மனிதர்களோடு அதற்கு உறவும் நம்பிக்கையும் வளர வழி செய்வது. பாடத்திட்டத்தை வகுப்பவர் இத்துறையில் தேர்ச்சி பெற்ற சிறப்பாசிரியர். அவர் குறிப்பிட்ட இடைவெளியில் வந்து பார்த்துவிட்டுப் போவார். அந்தத் திட்டத்தைக் குழந்தையின் அன்றாடத்தில் நடத்திக் காட்டுபவர் துணையாளர்.

ஏன் ஒருவருக்கு ஒருவர் என்ற ஏற்பாடு தேவைப்படுகிறது என்று உறவினர்கள் கேட்கிறார்கள். கண்ணும் காதும் உள்ள குழந்தை யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே நாள் முழுதும் கற்கிறது. கதவு திறக்கும் ஓசையைக் கேட்டு அப்பா வருகிறார் என்று அறிகிறது. தட்டு வைப்பதைப் பார்த்துச் சாப்பாட்டு நேரம் என்று புரிந்துகொள்கிறது. பக்கத்துக் குழந்தை திட்டு வாங்குவதைக் கண்டு தான் என்ன செய்யக்கூடாது என்பதையும் தெரிந்துகொள்கிறது. பார்வை மட்டும் இல்லாத குழந்தைக்குக் காது கைகொடுக்கும், செவித்திறன் மட்டும் இல்லாத குழந்தைக்குக் கண் கைகொடுக்கும். இரண்டும் குறைந்த குழந்தைக்கோ கையெட்டும் தூரத்துக்கு அப்பால் இருப்பதெல்லாம், யாராவது கொண்டுவந்து தந்தாலொழிய, இல்லாததாகவே இருக்கும். பத்துக் குழந்தைகள் உள்ள வகுப்பில் ஒரே ஆசிரியர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவருக்கு இருப்பவை இரண்டு கைகள்தாம்.

எங்கள் மகனுக்கு இருப்பது சார்ஜ் சிண்ட்ரோம்: கண், காது, இதயம் எனப் பல உறுப்புகளைப் பிறவியிலேயே பாதிக்கும் அரிய நிலை. பெரும்பாலான குழந்தைகளிடம் இதற்குக் காரணமாக இருக்கும் சிஎச்டி7 என்ற மரபணுவை 2004ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். இந்தச் சேவையில் எங்களுக்கு முதல் நம்பிக்கையைத் தந்தது தொடக்க மதிப்பீடுதான். மருத்துவமனை அறிக்கைகளை வாங்கி வைத்துக்கொண்டு படிவம் நிரப்புவார்கள் என்று நினைத்தோம். சிறப்பாசிரியரும் துணையாளரும் காலையிலும் மாலையிலும், வெயில் விழும் ஜன்னலருகிலும் விளக்கு வெளிச்சத்திலும், தரையிலும் நாற்காலியிலும் அவனை வைத்துப் பார்த்தார்கள். கண்ணின் கீழ்ப்பகுதியில் பிறவியிலேயே உள்ள பிளவினால் அவனுடைய பார்வைப் புலத்தின் மேற்பாதி இல்லை என்பதையும், அதனால் முகத்துக்கு நேரே உயர்த்திக் காட்டும் எந்தப் பொருளும் அவனுக்கு எட்டாது என்பதையும் விளக்கினார்கள். மார்புக்குக் கீழே, கறுப்புத் துணியின் மேல் வைத்துக் காட்டிய மஞ்சள் பந்தை அவன் நேராகக் கை நீட்டி எடுத்தான்.

இன்னொன்றும் அந்த மதிப்பீட்டில் வெளிப்பட்டது. சார்ஜ் உள்ள குழந்தைகளுக்கு உட்காதில் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல்கள் பெரும்பாலும் வளர்ச்சியடையாமலோ அறவே இல்லாமலோ இருக்கும். நிமிர்ந்து உட்கார்வதற்கே அவர்களுடைய கவனத்தில் பெரும்பகுதி செலவாகிவிடும். பாட நேரத்தில் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்ளும் குழந்தையைச் சோம்பேறி என்றும் அடம்பிடிக்கிறான் என்றும் சொல்லும் பள்ளிகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். இந்தத் துணையாளர் அவன் படுத்தபோது தாமும் பக்கத்தில் படுத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார். உடல் தரையில் நிலைத்துவிட்டால் கைகளும் கண்ணும் வேலைக்குக் கிடைக்கின்றன என்றார். அன்றே இந்தச் சேவையைத் தொடர்வது என்று முடிவு செய்தோம்.

இனி அன்றாட வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்தவுடன் அவர் பாடத்தைத் தொடங்குவதில்லை. காதுக்கருவியின் பேட்டரியைச் சோதித்து, காதில் பொருந்தும் அச்சைத் துடைத்து, மூக்குக் கண்ணாடியில் படிந்த கைரேகையைச் சுத்தம் செய்கிறார். இத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கொஞ்சம் பார்வையோ கொஞ்சம் செவித்திறனோ எஞ்சியிருக்கும். அந்த மிச்சத்தைப் பாழாக்காமல் வைத்திருப்பதே முதல் வேலை என்பது அவருடைய கணக்கு. அவருடைய மேலாடை எப்போதும் ஒரே நிறத்தில், கோடும் பூவும் இல்லாமல் இருக்கும். அப்போதுதான் அவருடைய கைகள் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும்.

பிறகு வணக்கம் சொல்லும் முறை. முன்னறிவிப்பின்றி அவன் கையைப் பிடிப்பதே இல்லை. முதலில் தோளில் தம் கையை வைத்து அங்கேயே நிறுத்துகிறார். பிறகு முழங்கை வழியாக மெதுவாக இறங்கிப் புறங்கையருகில் வந்து காத்திருக்கிறார். அவன் விரல்கள் அசைந்தால் தம் மணிக்கட்டில் உள்ள முடிச்சு வைத்த கயிற்று வளையத்தைத் தொடத் தருகிறார். அந்த வளையம்தான் அவருடைய பெயர். வீட்டில் ஒவ்வொருவருக்கும் இப்படி ஓர் அடையாளத்தை அவர் ஏற்படுத்தினார்: எனக்கு மோதிரம், அவன் அப்பாவுக்குக் கைக்கடிகாரத்தின் வார், பாட்டிக்குப் பின்னல். யாரோ ஒருவர் திடீரென்று தூக்குவதும் இறக்குவதுமாகப் போய்க்கொண்டிருந்த அவன் நாள், யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்த பின் நகர்வதாக மாறியது. அடிக்கடி வந்த அழுகை குறைந்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கையைப் பற்றி எழுதாமல் இந்தச் சேவையை மதிப்பிட முடியாது. பெரும்பாலான இடங்களில் குழந்தையின் கையை மேலிருந்து பிடித்துக்கொண்டு கரண்டியைப் பிடிக்கவைப்பார்கள், வரையவைப்பார்கள். வேலை விரைவாக முடியும். ஆனால் கண்ணும் காதும் பெரிதாக உதவாத குழந்தைக்குக் கைகளே கண், கைகளே காது, கைகளே வாய். அவற்றைப் பிடித்து இழுப்பது அந்த மூன்றையும் ஒரே நேரத்தில் பறிப்பதற்குச் சமம். அப்படிப் பலமுறை இழுக்கப்பட்ட குழந்தை கையை மூடிக்கொள்ளும், அல்லது யாராவது வந்து அசைக்கட்டும் என்று தொங்கவிட்டுவிடும். எங்கள் துணையாளர் தம் கையைக் கீழே வைக்கிறார். மகனின் கை அதன் மேல் படர்ந்திருக்கும். டப்பாவைத் திறக்கும்போது அவருடைய விரல்கள் திருகுவதை அவன் விரல்கள் உணர்கின்றன. வேண்டாமென்றால் அவன் எந்த நொடியிலும் கையை எடுத்துக்கொள்ளலாம். சில வாரங்கள் கழித்து அவர் தம் கையைச் சற்று உள்ளிழுக்க, அவன் விரல்நுனிகள் மூடியில் பட்டன. இன்னும் சில வாரங்களில் மூடி அவன் கையில் இருந்தது. வேகமாக முன்னேற்றம் வேண்டும் என்பவர்களுக்கு இந்த முறை பொறுமையைச் சோதிக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

காத்திருப்பதுதான் இவர்கள் உண்மையில் விற்கும் பொருள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஊஞ்சலில் அவனோடு உட்கார்ந்து ஆடிக்கொண்டிருப்பார், திடீரென்று நிறுத்துவார், பிறகு ஒன்றுமே செய்ய மாட்டார். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வேலை நேரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும். என் மாமியார் அப்படித்தான் கேட்டார். அந்த இடைவெளியில் மகன் தலையைத் திருப்புவான், மூச்சு மாறும், கடைசியில் தன் முழங்காலால் அவர் முழங்காலை ஒரு முறை இடிப்பான். உடனே ஊஞ்சல் ஆடும். ஊஞ்சலை ஆட வைத்தது தன் இடிதான் என்பது அவனுக்குத் தெரிந்த நாளிலிருந்து, அந்த இடி சாப்பாட்டு மேசைக்கும் குளியலுக்கும் வந்துவிட்டது. இன்னும் வேண்டும் என்பதற்கு அவனிடம் இருந்த முதல் சொல் அது. பத்து எண்ணுவதற்குள் நாமே ஊஞ்சலைத் தள்ளிவிட்டிருந்தால் அந்தச் சொல் பிறக்க இடமே இருந்திருக்காது.

இந்த முறைகளுக்கு நீண்ட வேர் உண்டு. 1964, 1965ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பரவிய ருபெல்லா என்ற தொற்றுநோய் கர்ப்பிணிகளைத் தாக்கியதால் சுமார் 20,000 குழந்தைகள் பிறவிக் குறைபாடுகளோடு பிறந்தார்கள். அவர்களில் பலருக்குப் பார்வையும் செவித்திறனும் சேர்ந்தே பாதிக்கப்பட்டன. நெதர்லாந்தின் சின்ட் மிகீல்ஸ்கெஸ்டலில் இதே நோயினால் பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் பணியாற்றிய யான் வான் டைக், குழந்தையின் அசைவோடு தானும் சேர்ந்து அசைவதிலிருந்து உரையாடலைத் தொடங்கும் முறையை வகுத்தார். அடுத்து என்ன வரப்போகிறது என்பதைக் குழந்தைக்கு உணர்த்தும் பொருள் நாட்காட்டியும் அவருடைய வழியில் வந்ததே.

எங்கள் வீட்டில் அந்த நாட்காட்டி வரிசையாக அறைகள் உள்ள ஒரு மரப்பெட்டி. முதல் அறையில் துண்டின் ஒரு துணுக்கு, அடுத்ததில் கரண்டி, அடுத்ததில் ஊஞ்சல் கயிற்றின் ஒரு துண்டு, கடைசியில் பிசியோதெரபிக்கான ரப்பர் பந்து. ஒரு வேலை முடிந்ததும் அதற்குரிய பொருளை எடுத்து, பக்கத்தில் உள்ள முடிந்தவற்றுக்கான கூடையில் அவனே போட வேண்டும். தொடக்கத்தில் பொருள்களை வாயில் வைத்துப் பார்ப்பதோடு சரி. பிறகு துண்டைத் தொட்டதும் குளியலறைப் பக்கம் திரும்பினான். ஒரு நாள், அன்றைய வேலை ஒன்றுகூடத் தொடங்குவதற்கு முன், ரப்பர் பந்தை எடுத்து முடிந்தவற்றின் கூடையில் போட்டுவிட்டு, ஊஞ்சல் கயிற்றைத் துணையாளரின் கையில் திணித்தான். பிசியோதெரபி வேண்டாம், ஊஞ்சலுக்குப் போவோம் என்று இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. அவர் வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் அவனை ஊஞ்சலுக்கு அழைத்துப் போனார். பந்து பிற்பகலில் திரும்பி வந்தது, அது வேறு கதை. இப்போது பொருள்களில் சில, அட்டையில் ஒட்டிய சிறு தடவு குறிகளாக மாறியிருக்கின்றன. பிரெய்ல் வரை போவானா என்று சிறப்பாசிரியரிடம் கேட்டேன். குறி ஒன்று பொருள் ஒன்றுக்கு நிற்கும் என்பது பிடிபட்டிருக்கிறது, அதற்கு மேல் அவன் சொல்லட்டும் என்றார்.

அளவோடு பேசும் இந்தப் பழக்கத்தையும் நான் மதிப்பெண்ணில் சேர்க்கிறேன். இந்தத் துறைக்கு வரும் பெற்றோர் அனைவரின் மனத்திலும் ஹெலன் கெல்லர் இருக்கிறார். அவருடைய ஆசிரியை ஆன் சல்லிவன் 1887 மார்ச் 3 அன்று வந்து சேர்ந்தார். ஏப்ரல் 5 அன்று நீர்க்குழாயடியில் தண்ணீர் என்ற சொல் அந்தச் சிறுமிக்கு விளங்கியது. ஒரு மாதத்தில் எல்லாம் நடந்துவிடும் என்ற ஆசையை அந்த நிகழ்ச்சி எத்தனையோ வீடுகளில் விதைத்திருக்கிறது. ஹெலன் 19 மாதக் குழந்தையாகும் வரை பார்த்தும் கேட்டும் வளர்ந்தவர் என்பதும், சல்லிவன் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1837இல் பார்வையற்றோருக்கான பெர்கின்ஸ் பள்ளிக்கு வந்த, பார்வையும் செவித்திறனும் இழந்த சிறுமி லாரா பிரிட்ஜ்மனுக்குக் கரண்டி, சாவி போன்ற பொருள்களில் மேடெழுத்து ஒட்டிக் கற்பித்த அனுபவம் சல்லிவனுக்குப் பின்னால் இருந்தது என்பதும் பலருக்குத் தெரியாது. பிறவியிலேயே இரு புலன்களும் குறைந்து, இதயக் கோளாறும் மூச்சுக் கோளாறும் சேர்ந்திருக்கும் குழந்தையின் பாதை வேறு. முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிட்டு, பேசவைப்போம் என்ற உறுதிமொழி எதையும் தராமல் வேலையைத் தொடங்கிய சேவை இது. உறுதிமொழி தரும் இடங்களுக்கும் நாங்கள் போய் வந்திருக்கிறோம்.

இனிக் குறைகள். முதன்மையானது மாற்றாள் ஏற்பாடு. துணையாளர் விடுப்பு எடுப்பது இயல்பு. அவருக்கும் உடம்பு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. ஆனால் அவர் வராத நாள்களில் நிறுவனம் அனுப்பியவர் சான்றிதழோடு வந்தாரே தவிர அடையாள வளையமோ மகனைப் பற்றிய குறிப்போ இல்லாமல் வந்தார். பின்னாலிருந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்து மேசைக்கு நடத்திப் போனார். மகன் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான். அதன் பின் வழக்கமான துணையாளர் திரும்பி வந்தும், அவர் தோளில் கை வைத்தால் விலகிக்கொள்ளும் நிலை பல நாள் நீடித்தது. நாங்கள் புகார் செய்தபோது, எங்கள் பணியாளர்கள் அனைவரும் ஒரே பயிற்சி பெற்றவர்கள் என்று எழுத்துப்பூர்வமாகப் பதில் வந்தது. பயிற்சி ஒன்றாக இருக்கலாம்; முழங்காலால் இடிப்பது இன்னும் வேண்டும் என்பதற்கான சொல் என்று அந்தப் பயிற்சியில் எவரும் கற்றிருக்க முடியாது. இவ்வகைக் குழந்தைகளின் மொழியை அவர்களோடு நெடுநாள் இருந்த இரண்டு மூன்று பேர் மட்டுமே அறிவார்கள். ஆளை மாற்றினால் அந்த மொழி பேசுபவர்களில் ஒருவர் குறைகிறார்.

இதற்குத் தீர்வு ஒன்றும் அரிதானது அன்று. குழந்தையின் ஒவ்வொரு அசைவுக்கும் என்ன பொருள், அதற்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைக் காணொளியோடு பதிந்து வைத்த கையேடும், புதியவர் தனியே பொறுப்பேற்பதற்கு முன் பழையவரோடு சேர்ந்து வேலை செய்யும் சில நாள்களும் போதும். கையேட்டை எங்கள் துணையாளர் தம் சொந்த நேரத்தில் தயாரித்தார். நிறுவனம் அதைப் படித்ததற்கான அடையாளம் எதையும் நான் காணவில்லை. அதே நிறுவனம் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தரும் முன்னேற்ற அறிக்கையில் கட்டங்களும் சதவீதங்களும் நிறைந்திருக்கின்றன. மகனை அறியாத ஒருவர் அதைப் படித்தால் அவனைப் பற்றி ஒன்றும் அறிய மாட்டார். துணையாளர் நாள்தோறும் நோட்டில் எழுதும் நாலு வரியைத்தான் நாங்கள் பத்திரப்படுத்துகிறோம்.

ஒரே ஆளைச் சார்ந்திருப்பதில் எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு என்பதை நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். குழந்தையும் துணையாளரும் தனித்தீவாகிவிட்டால் வகுப்பில் மற்றவர்கள் அவனிடம் வருவதற்குப் பதிலாக அவரிடம் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் விஷயத்தில் அப்படி ஆகவில்லை என்பது முழுக்க அந்தப் பெண்மணியின் கெட்டிக்காரத்தனம். அவன் என்ன விளையாடுகிறான் என்று தம்மிடம் கேட்கும் குழந்தைகளிடம், அவன் கைக்குக் கீழே உன் கையை வைத்து நீயே கேள் என்பார். இரண்டு பிள்ளைகள் இப்போது அவரில்லாமலேயே அவனோடு ஊஞ்சலில் ஏறுகிறார்கள். அவர்களுக்கும் அடையாளப் பொருள்கள் உண்டு. ஒருத்திக்குத் தலையில் மாட்டும் கிளிப், மற்றவனுக்குச் சட்டைப் பித்தான்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதிரும் சுவிட்சுகளும் ஒளிப்பலகையும் தந்தார்கள். ஒளிப்பலகை பயன்படுகிறது, சுவிட்சுகள் அலமாரியில் இருக்கின்றன.

எல்லாக் குழந்தைகளுக்கும் இதே வடிவம் பொருந்தாது. இதே சேவையைப் பெறும் வேறொரு குடும்பத்தின் மகளுக்கு அஷர் சிண்ட்ரோம். செவித்திறன் குறைவோடு பிறந்து, சைகை மொழியில் சரளமாகப் பேசிப் படித்து வளர்ந்தவள். இப்போது இருட்டில் பார்வை தடுமாறுகிறது, பக்கவாட்டுப் புலம் சுருங்கி வருகிறது. அவளுக்கு மரப்பெட்டி எதற்கு? கண் உதவும்போதே பிரெய்லும், கையைத் தொட்டு வாசிக்கும் சைகை மொழியும், வெள்ளைக் கோலோடு நடக்கும் பயிற்சியும் தொடங்க வேண்டும். துணையாளர் அவள் கேட்கும்போது மட்டும் அருகில் இருக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு அனுப்பப்பட்ட துணையாளருக்குச் சைகை மொழி போதுமான அளவு தெரியவில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையென்றால், எங்கள் மதிப்பெண்ணை அவர்கள் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உலகக் காதுகேளா பார்வையற்றோர் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை, மக்கள்தொகையில் 0.2 முதல் 2 சதவீதம் பேருக்கு இந்த இரட்டைக் குறைபாடு ஏதோ ஓர் அளவில் இருப்பதாகக் கணிக்கிறது. அவ்வளவு பேருக்கு ஈடுகொடுக்கத் தேர்ந்த துணையாளர்கள் இல்லாததால், கிடைத்தவரை ஏற்றுக்கொள்ளும் நிலையில்தான் பெரும்பாலான பெற்றோர் இருக்கிறார்கள். ஆனாலும் ஒப்பந்தத்துக்கு முன் கேட்க வேண்டியவற்றைக் கேட்டே ஆக வேண்டும். வரப்போகும் துணையாளர் எத்தனை காலம் இருப்பார், அவரை வழிநடத்தும் சிறப்பாசிரியர் எவ்வளவு இடைவெளியில் நேரில் வந்து பார்ப்பார், மாற்றாள் முன்கூட்டியே குழந்தையோடு பழகியிருப்பாரா என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு மணி நேரம் அவர் வேறொரு குழந்தையோடு இருப்பதைப் பாருங்கள். அவருடைய கை குழந்தையின் கைக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

துணையாளருக்கு ஐந்துக்கு ஐந்து தருகிறேன், நிர்வாகத்துக்கு இரண்டு. அடுத்த ஆண்டுக்கும் சேவையைப் புதுப்பித்திருக்கிறோம். கையேட்டைப் படித்து, மகனோடு குறைந்தது ஒரு வாரம் பழகாத எவரையும் தனியே அனுப்பக்கூடாது என்ற நிபந்தனையை இம்முறை ஒப்பந்தத்திலேயே எழுதிச் சேர்க்கச் சொன்னோம். சற்றுத் தயங்கிவிட்டுக் கையெழுத்திட்டார்கள்.